எதற்கும் ஒரு தடவை

தமிழில் மிக அதிகமாகச் செலவு வைக்கும் சொல் எது என்று யாராவது ஒரு போட்டி வைத்தால், நான் யோசிக்காமல் ஒரு சொல்லை எழுதி அனுப்புவேன்: "எதற்கும்." எங்கள் திண்டுக்கல் பேச்சில் அது "எதுக்கும்" என்று வரும். டாக்டர் குழாயைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை, எதுக்கும் மதுரையில ஒரு தடவை காட்டிடுங்க" என்கிறார். சொல்ல அவருக்கு ஐந்து விநாடி ஆகிறது. கேட்டவனுக்கு அந்த வாக்கியத்தின் செலவைக் கட்டி முடிக்க ஆறு மாதம்கூட ஆகலாம்.

அந்த வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை என்பது உண்மையானால், மதுரைக்கு எதற்குப் போகவேண்டும்? மதுரைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், பயப்பட ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்லலாம்? இரண்டில் ஒன்றை டாக்டர் தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காமல் விட்டதற்குத்தான் நோயாளி பஸ் ஏறுகிறான்.

எனக்கு வைத்தியம் தெரியாது, கதை எழுதுகிறவன். ஆனால் ஒன்று தெரியும். மருந்து கொடுப்பது எப்படி ஒரு சிகிச்சையோ, அப்படியே ஒரு நோயாளியை இன்னொரு டாக்டரிடம் அனுப்புவதும் ஒரு சிகிச்சைதான். தேவையில்லாமல் ஊசி போடுவது தப்பு என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். தேவையில்லாமல் அனுப்புவது தப்பு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, "ரொம்ப ஜாக்கிரதையான டாக்டர்" என்று பட்டம் வேறு கொடுக்கிறோம்.

இந்த ஜாக்கிரதை என்ன செய்கிறது என்பதை எனக்குத் தெரிந்த முறையில், ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன். அவருக்குப் பெயர் வேண்டாம். பல பேரைச் சேர்த்து நானே உருவாக்கிய ஆள் அவர்.

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர், வயது நாற்பத்திரண்டு. ஒருநாள் மூட்டையை இறக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, தெருமுனை டாக்டரிடம் போனார். "எதுக்கும் எலும்பு டாக்டரைப் பாருங்க" என்றார் அவர். எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஜவ்வு விலகியிருப்பதாக வந்தது. அதனால் நரம்பு டாக்டர். நரம்பு டாக்டரிடம், "பாதம் சில சமயம் மரத்தாப்பல இருக்குங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதனால் சர்க்கரை டாக்டர். சர்க்கரை இல்லை; ஆனால் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய மனிதனுக்கு ரத்த அழுத்தம் கூடாமல் என்ன செய்யும்? "எதுக்கும்" இருதய டாக்டர். கோவணத்தை எலி கடிக்காமல் காக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணமும் செய்துகொண்ட சாமியார் கதைதான். அந்தச் சாமியாருக்காவது கடைசியில் ஒரு குடும்பம் மிஞ்சியது. இவர் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது மனைவியின் கம்மல். அதுவும் அடகுக் கடைக்குப் போயிற்று.

இடுப்பு வலி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஐந்தாவது வாரம், நரம்பு டாக்டரிடம் மறுபடி காட்டவேண்டிய நாளுக்காகக் காத்திருந்தபோது, அதுவே போய்விட்டது. பாரம் தூக்கி வரும் இடுப்பு வலியில் பெரும்பாலானவை அப்படித்தான். சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும் என்பது டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. "ஜவ்வு விலகியிருக்கு" என்ற வார்த்தை. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் மூட்டையைத் தொடப் பயப்படுகிறார். இப்போது ஒரு கடை வாசலில் ராத்திரிக் காவல், பாதிச் சம்பளம். உடம்பில் பலம் இருக்கும்போதே ஒருவர் தொழிலை இழந்துவிட்டார். எந்த டாக்டரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகு வலி சிறிதும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 84 பேருக்கும் ஜவ்வு புடைத்திருந்தது. தலைமயிர் நரைப்பதுபோல ஜவ்வும் வயதுக்கேற்ப மாறுகிறது. நரைத்த தலையைப் படம் பிடித்துக் கையில் கொடுத்து, "உனக்கு நரை இருக்கிறது, நிபுணரைப் பார்" என்றால் சிரிப்போம். ஜவ்வு என்றால் நாம் சிரிப்பதில்லை, கடன் வாங்குகிறோம்.

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுப்பவேண்டியவர்களை அனுப்பத்தான் வேண்டும். நெஞ்சில் பாரம் அழுத்தி, வேர்த்துக் கொட்டி, வலி இடது கைக்கு இறங்குகிறது என்று ஒருவர் வந்தால், யோசிப்பதற்கு நேரமே கிடையாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். அதே இடுப்பு வலிக்காரருக்குக் கால் வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு போனாலும், காய்ச்சலோடு உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தாலும் அன்றைக்கே அனுப்பவேண்டும். மார்பில் புதிதாகக் கட்டி தென்பட்ட பெண்ணை, வெற்றிலைப் புகையிலை போடும் வாயில் மூன்று வாரமாக ஆறாத புண்ணை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைத்திருப்பது பாவம். அனுப்புவதே தப்பு என்பது என் கட்சி அல்ல. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நான் வாதாடுகிறேன். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த வரிசையில் வாய்ப்புண்காரர் பின்னால் நிற்கிறார். அவருக்கு முன்னால், சாதாரணத் தலைவலிக்கு எதற்கும் ஒரு தடவை வந்தவர்கள் நிற்கிறார்கள். நிபுணர் அன்றைக்குப் பார்க்கக்கூடிய நேரம் ஓர் அளவுதான். அந்த அளவை நாம் வீண் செய்கிறோம்.

இன்னொரு விளைவும் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 65 கிலோமீட்டர். நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ வருகிறவனுக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருகிறவனுக்கும் ஒரு நாள் கூலி போகும். இரண்டு தடவை போய், "ஒன்றுமில்லை" என்று கேட்டுத் திரும்பியவன், மூன்றாவது தடவை உண்மையாகவே போகவேண்டிய நிலை வரும்போது போகமாட்டான். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்பான். புலி வருது, புலி வருது என்று கத்திய ஆட்டுக்காரப் பையன் கதையில் புலி கடைசியில் வந்துவிடுகிறது. இங்கே கத்துகிறவர் டாக்டர். புலியின் வாயில் விழுகிறவன் நோயாளி. கதையைவிட இது அநியாயம்.

சரி, டாக்டர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பேசவேண்டும்.

முதலாவது பயம். 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று, கட்டணம் வாங்கும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். நோயாளிக்கும் ஒரு வாசல் வேண்டும். ஆனால் அன்றிலிருந்து, "நாம் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற கேள்வி டாக்டர் மேஜையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. கேஸைவிடப் பெரிய பயமும் உண்டு. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் டாக்டரை, இறந்துபோன நோயாளியின் கணவன் வெட்டிக் கொன்றான். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு புற்றுநோய் டாக்டரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். இப்படி நடக்கிற ஊரில் டாக்டரை மட்டும் தைரியமாக இரு என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பவனுக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு சலுகையும், நாளை நம் வீட்டுக் கிழவியை மதுரைக்கு அனுப்பும் சீட்டாகத் திரும்பி வரும்.

ஆனாலும் பயத்துக்கு மருந்து அனுப்புவது அல்ல. அதே சுப்ரீம் கோர்ட் 2005-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: தக்க கவனத்தோடு பார்த்த டாக்டரின் கணிப்பு பிசகிவிட்டது என்பதற்காக மட்டும் அது அலட்சியம் ஆகிவிடாது, கிரிமினல் குற்றம் என்று சொல்ல மிக மோசமான அலட்சியம் வேண்டும். டாக்டரைக் காப்பது சீட்டு அல்ல, குறிப்பு. என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், என்ன அடையாளம் கண்டால் உடனே வரச் சொன்னேன் என்று நான்கு வரி எழுதி வைத்தவர், "நரம்பு நிபுணரைப் பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதியவரைவிடப் பத்திரமாக இருக்கிறார்.

இரண்டாவது, நேரமில்லை. இது பொய்யல்ல. 67 நாடுகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. முதல் நிலை டாக்டர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டியது. இரண்டு நிமிடத்தில் ஒருவனைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அவன் நம்பும்படி சொல்ல முடியாது. அனுப்பிவிட முடியும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னும் இரண்டு டாக்டர்களை நியமிப்பது செலவு என்று நினைக்கிற சர்க்கார், அந்தச் செலவைத்தான் ஏழையின் மடியிலிருந்து எடுத்து மதுரையில் செய்கிறது.

மூன்றாவதைப் பேசத் தயங்குவார்கள். நான் தயங்கப் போவதில்லை. கமிஷன். எல்லா டாக்டர்களும் வாங்குகிறார்கள் என்று சொல்வது அவதூறு. யாருமே வாங்குவதில்லை என்று சொல்வது நகைச்சுவை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த நடத்தை விதிகள், நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷனோ பரிசோ கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. அதே விதிகளில், தேவையற்ற ஆலோசனைக்கு அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. சந்தேகமான, கடினமான நிலையில் அனுப்பலாம், ஆனால் அது நோயாளியின் நன்மைக்காக மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது. நான் இவ்வளவு தூரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதை அவர்கள் இரண்டு வரியில் எழுதி வைத்துவிட்டார்கள். எழுதி வைத்ததோடு சரி.

நான்காவது குற்றவாளி நாம். "பெரிய டாக்டர்" என்று ஒரு ஜாதியை உண்டாக்கி வைத்திருக்கிறோம். தெருமுனை டாக்டர் நாடி பிடித்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, "சாப்பாட்டை ஒழுங்கு பண்ணுங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றால், "இவருக்கு என்ன தெரியும்?" என்று வெளியே வந்து முணுமுணுக்கிறோம். ஐந்து சோதனைக்கு எழுதிக் கொடுத்தால், கைராசிக்காரர் என்று நாலு பேரிடம் சொல்கிறோம். அவரும் மனிதர்தானே? ஊர் எதை மெச்சுகிறதோ அதைத்தான் செய்வார்.

இப்படித்தான் இருக்கும், வேறு வழியில்லை என்று யாராவது சொன்னால், இந்த மாவட்டத்தின் கதை அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, டில்லியில் மருத்துவம் படித்த டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், எந்த நகரத்திலும் பெரிய டாக்டராக உட்கார்ந்திருக்கலாம். 1947-ல் சின்னாளபட்டிப் பக்கம் வந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே சின்னஞ்சிறு வைத்திய நிலையமாக ஆரம்பித்ததுதான் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1955-ல் டாக்டர் ஏ. கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். இவர்கள் நிபுணர்களை வெறுத்தவர்கள் அல்லர். ஆனால் வாசலில் வந்து நின்ற நோயாளியை, முதலில் தங்கள் நோயாளி என்று நினைத்தவர்கள். அனுப்புவது அவர்களுக்குக் கடைசி வழியாக இருந்தது. இன்று அது முதல் வழியாகிவிட்டது.

அந்தக் காலத்துக்கு முன், சிறு ஊர்களில் எல்.எம்.பி. டாக்டர்கள் இருந்தார்கள். 1946-ல் போர் குழு, இந்தக் குறும்படிப்பு போதாது, நாட்டுக்கு ஒரே தரமான அடிப்படை டாக்டர் வேண்டும் என்று சொல்லிற்று. குழுவிலேயே சிலர் அதற்கு உடன்படவில்லை. பெரும்பான்மைதான் வென்றது. இன்று அந்த அடிப்படை டாக்டர், ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு படிக்கிறார். படித்துவிட்டு வந்து தபாலாபீஸ் நடத்துகிறார். வருகிற நோயாளிமேல் முத்திரை குத்தி, இது எலும்பு, இது நரம்பு, இது இருதயம் என்று பை பிரித்து அனுப்புகிறார். ஐந்தரை ஆண்டுப் படிப்புக்கு இது அவமானம் என்று அவருக்கே தோன்றவேண்டும்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று திண்டுக்கல்லுக்கு வந்தது. சந்தோஷந்தான். நிபுணர்கள் பக்கத்திலேயே வந்துவிட்டால் மதுரை பஸ்ஸில் கூட்டம் குறையும். ஆனால் "எதற்கும்" என்ற வியாதி குறையுமா? 65 கிலோமீட்டர் அலைந்தவன், இனி ஒரே கட்டடத்தில் அறைக்கு அறை அலைவான். அந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, எப்போது அனுப்பவேண்டும் என்பதோடு எப்போது அனுப்பக் கூடாது என்பதையும் ஒரு பாடமாக வைத்தால், கட்டடம் கட்டிய காசுக்குப் பலன் உண்டு.

இங்கிலாந்தில் 1948 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டாக்டர் உண்டு; அவசர நிலை தவிர, அவர் கடிதம் இல்லாமல் நிபுணரைப் பார்ப்பது வழக்கமில்லை. அங்கே காத்திருப்பு அதிகம் என்ற குறை இருக்கிறது; அது நியாயமான குறைதான். ஆனால் ஒரு நல்லது உண்டு. நிபுணர் பார்த்துவிட்டுக் குடும்ப டாக்டருக்குப் பதில் எழுதுகிறார். நம்மிடமோ, போன நோயாளி போனவன்தான். அங்கே என்ன சொன்னார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இங்கே என்ன பார்த்தார்கள் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள் நோயாளி. அவனையோ யாரும் பேச விடுவதில்லை.

இந்த அனுப்பும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கடைசியாக ஒன்று. வெங்காயக் காட்டிலும் புகையிலைக் காட்டிலும் பாம்பு உண்டு. கடிபட்டு விஷம் ஏறிய அடையாளத்தோடு வருகிறவனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிட்டு, பிறகு தேவையானால் மேலே அனுப்பவேண்டும் என்பது நாட்டின் சிகிச்சை வழிமுறை. முதல் மருந்தைப் போடாமலே வண்டி ஏற்றுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஒவ்வொரு தலைவலியையும் அனுப்பிப் பழகிய கை, பாம்புக் கடியையும் பழக்க தோஷத்தில் அனுப்பிவிடும். சாதாரண நாட்களில் பொறுப்பை ஏற்றுப் பழகாதவருக்கு, ஆபத்து நாளில் அது திடீரென்று வந்துவிடாது.

ஆகவே திண்டுக்கல் டாக்டர்களிடம் என் விண்ணப்பம் பெரிதல்ல. சீட்டு எழுதப் பேனாவை எடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் எதைச் சந்தேகப்படுகிறேன்? நிபுணர் செய்யப்போவதில் என்னால் செய்யமுடியாதது எது? இரண்டு வாரம் பொறுத்தால் இந்த மனிதனுக்கு என்ன கேடு வரும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் உடனே அனுப்புங்கள். பதில்களை அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். பதில் இல்லையென்றால், சீட்டுக்குப் பதிலாக ஒரு தேதி கொடுங்கள். "அடுத்த வியாழக்கிழமை என்னிடமே வாங்க, அதற்குள் இன்னது நடந்தால் ராத்திரியானாலும் வாங்க" என்று சொல்லுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லையா? போன் இருக்கிறது. நோயாளி 65 கிலோமீட்டர் போவதற்குப் பதில் உங்கள் கேள்வி போகட்டும்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சண்டை போடாதீர்கள், மரியாதையாகக் கேளுங்கள்: "எதுக்காகப் போகணுங்க, டாக்டர் ஐயா?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், காரணத்தைச் சொல்வார். காரணம் தெரிந்தால் கம்மலை அடகு வைத்தாவது போய்வாருங்கள். அது உயிருக்கான செலவு. "எதுக்கும்தான்" என்று பதில் வந்தால், இன்னொரு தடவை அதே கேள்வியைக் கேளுங்கள்.